இறங்கலாம், இறங்கியே கிடக்கக் கூடாது

மீஞ்சூரில் குடியிருப்பது ஒரு வேடிக்கையான பிழைப்பு. ஒரு பக்கம் அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம். அதற்கு அருகிலேயே வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. 1970-ல் ஓடத் தொடங்கிய பழைய எண்ணூர் நிலையமும் 2017-ல் மூடப்படும் வரை நம் கண்ணெதிரே புகைந்துகொண்டிருந்தது. மாநிலத்துக்கே வெளிச்சம் அனுப்பும் ஊர்கள் இவை. ஆனாலும் நம் தெருக்களில் நடந்து பாருங்கள்: வீட்டுக்கு வீடு மாடிப்படிக்கு அடியில் ஓர் இன்வர்ட்டர், அதன் பக்கத்தில் ஐம்பது அறுபது கிலோ எடையில் ஒரு பேட்டரி. விளக்கின் அடியில் இருட்டு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

அந்தப் பேட்டரியைப் பற்றித்தான் பிள்ளைகளே, உங்களோடு பேச உட்கார்ந்திருக்கிறேன். என் பிழைப்பு முழுவதும் அதனோடுதான் கழிந்தது. ரயில்வேயில், பேசின் பிரிட்ஜ் யார்டில், ரயில் பெட்டிகளின் விளக்கையும் விசிறியையும் பேட்டரியையும் பார்த்துக்கொள்ளும் டி.எல். பிரிவில் வேலை. கும்மிடிப்பூண்டி லோக்கலில் போவேன், அதிலேயே திரும்புவேன். ஓய்வு பெற்ற பிறகும் பேட்டரி என்னை விடவில்லை. தெருவில் யார் வீட்டு இன்வர்ட்டர் கூவினாலும் என் வாசலுக்குத்தான் ஆள் வரும்.

இத்தனை வருடத்தில் நான் பார்த்த வரையில் தானாகச் செத்த பேட்டரி குறைவு. பெரும்பாலானவை சாகடிக்கப்பட்டவை. அதையும் வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. கவனிக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1859-ல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே என்பவர் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்துச் செய்ததுதான் இந்தப் பேட்டரி. 1881-ல் காமில் ஃபோர் என்பவர் தகட்டின் மேல் ஈயப் பசையைப் பூசி அதன் கொள்ளளவைப் பெருக்கினார். அன்றிலிருந்து அடிப்படை மாறவில்லை. கரண்ட் எடுக்கும்போது அமிலத்தில் உள்ள சல்பேட் தகடுகளுக்குள் போய் ஈய சல்பேட்டாகப் படிகிறது, பேட்டரிக்குள் இருக்கும் ஆசிட் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றும்போது அந்த சல்பேட் கரைந்து ஆசிட்டுக்குத் திரும்புகிறது. இந்தப் போக்குவரத்து ஆயிரம் முறை நடந்தாலும் பேட்டரி சலிக்காது. ஆனால் படிந்த சல்பேட்டைப் படிந்தபடியே விட்டுவைத்தால் நாளாக ஆக அது கெட்டிப்பட்டுப் பெரிய படிகங்களாகி விடும். பிறகு நீங்கள் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது. தகட்டில் அத்தனை இடம் நிரந்தரமாகச் செத்தது. கடைக்காரர்கள் சல்பேஷன் என்று சொல்வது இதைத்தான்.

யார்டில் எங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரிய மிஸ்திரி இதை ரசாயனமாகச் சொல்லவில்லை. "ஓடின பேட்டரி கெடாதுடா, கெடந்த பேட்டரிதான் கெடும்" என்பார். நான் பிறகு புத்தகங்களில் படித்ததெல்லாம் அந்த ஒரு வரிக்கு விளக்கவுரைதான்.

ரயில் பெட்டியை நீங்கள் பயணம் செய்யும் இடமாகப் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு அது சக்கரம் கட்டிய வீடு. எழுபது எண்பது பேர் ராத்திரி படுத்துறங்கும் அந்த வீட்டுக்கு வெளியிலிருந்து கரண்ட் வராது. வண்டி முழுக்கப் பவர் கார் கரண்ட் கொடுக்கும் புதிய ஏற்பாடு வருவதற்கு முன், ஒவ்வொரு பெட்டியும் தனக்கு வேண்டியதைத் தானே சம்பாதித்துக்கொண்டது. சக்கர அச்சிலிருந்து பெல்ட் போட்டு ஆல்டர்னேட்டர் சுற்றும். வண்டி ஓரளவு வேகம் பிடித்தால்தான் அது கரண்ட் கொடுக்கும். நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் விளக்கும் விசிறியும் பேட்டரியின் தலையில்தான். பெட்டிக்கு அடியில் தொங்கும் இரும்புப் பெட்டிகளில் இரண்டு வோல்ட் செல்கள் ஐம்பதுக்கு மேல் வரிசையாக இணைந்து 110 வோல்ட் கொடுக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வேகமாக ஓடும் எக்ஸ்பிரஸின் பேட்டரி பெரும்பாலும் நிறைந்தே யார்டுக்கு வரும். எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று வரும் பாசஞ்சரின் பேட்டரி இளைத்து வரும். சம்பாதிக்க நேரமில்லை, செலவு மட்டும் குறையவில்லை. அப்படி வந்த பெட்டியை பிட் லைனில் சார்ஜில் போட்டு நிறைத்துத்தான் அனுப்ப வேண்டும். "ராத்திரி ஓடும்போது ஏறிக்கும்" என்று சொல்லி அரைகுறையாக அனுப்பினால், அடுத்த நடையில் இன்னும் கொஞ்சம் இளைத்து வரும். மூன்றாவது நடையில் நடுராத்திரி விளக்கு மங்கும். கைக்குழந்தையோடு வந்த தாய் இருட்டில் பால் புட்டியைத் தேடுவாள். அவளுக்கு நம் பெயர் தெரியாது, நம் வேலையும் தெரியாது. ஆனால் அவள் தேடுவதற்குக் காரணம் யார்டில் ஒருவன் சோம்பியதுதான்.

ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். கண்ணாடிக் குழாய், மேலே ரப்பர் பல்பு, உள்ளே அளவு போட்ட மிதவை. பல்பை அமுக்கி, செல்லுக்குள் விட்டு, மெல்ல விட்டால் ஆசிட் ஏறி மிதவை எழும்பும். உடனே படிக்கக் கூடாது. குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்ட குமிழிகள் போக விரலால் சுண்ட வேண்டும். மிதவை எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்க வேண்டும். பிறகு குனிந்து, ஆசிட்டின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டும். மேலிருந்து பார்த்துச் சொல்பவன் சொல்வது குத்துமதிப்பு. எடுத்த ஆசிட்டை எடுத்த செல்லிலேயே விட வேண்டும், பக்கத்துச் செல்லில் விட்டால் இரண்டின் கணக்கும் தப்பிப்போகும். இந்த வேலையில் காக்கிச் சட்டையில் ஒரு துளி தெறித்தால் அப்போது ஒன்றும் தெரியாது. வீட்டில் துவைத்துக் காயப்போட்டதும் பார்த்தால் சல்லடை. சீருடையில் ஓட்டை இல்லாத டி.எல். ஆளை நான் நம்ப மாட்டேன். அவர் நோட்டில் மட்டும் ரீடிங் எழுதியவராக இருப்பார்.

ஐம்பது செல்லில் ஒரு செல் பலவீனமானாலும் முழு வரிசையும் அதற்குக் கட்டுப்படும். வரிசையில் ஓடும் கரண்ட் எல்லாச் செல்லிலும் ஒன்றே. ஆகவே இளைத்த செல் முதலில் காலியாகும், காலியான பிறகும் மற்றவை அதன் வழியே கரண்டைத் தள்ளும், அது தலைகீழாகத் திரும்பி இன்னும் கெடும். பெரிய மிஸ்திரி ஒருநாளும் மொத்த வோல்டேஜை மட்டும் பார்த்துத் திருப்தியடைய மாட்டார். "எது இளைச்சிருக்குன்னு பாரு" என்பார். பிறகு நான் பிள்ளைகளை வளர்த்தபோதும், நாலு பேரை வைத்து வேலை வாங்கியபோதும் அதையேதான் செய்தேன். மொத்த மார்க், மொத்த லாபம், மொத்தக் குடும்ப கௌரவம் எல்லாம் பார்க்க நன்றாக இருக்கும். நடுவில் ஒன்று தலைகீழாகிக்கொண்டிருக்கும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகும் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் சாலை ஓரத்தில் வரிசை கட்டி நிற்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அந்த டிரைவர்களுக்கு கேபின்தான் வீடு. சீட்டுக்குப் பின்னால் படுக்கை, சாமி படத்துக்கு சீரியல் லைட்டு, சின்ன விசிறி, போன் சார்ஜர், பாட்டு. கேட் திறக்க ஒரு நாளும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். இன்ஜினை ஓடவிட்டால் டீசல் செலவு, அணைத்தால் எல்லாம் பேட்டரியில்.

ஒருநாள் ஒரு டிரைவர், சேலத்துப் பக்கத்துக்காரர், நல்ல பையன், வந்து நின்றார். "ஐயா, பேட்டரி மாத்தி வருஷம்கூட ஆவல, செல்ஃபே எடுக்க மாட்டேங்குது. வண்டிய தள்ளவும் முடியாது" என்றார். போய்ப் பார்த்தேன். லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைச் சேர்த்து 24 வோல்ட் எடுப்பார்கள். விசிறிக்கும் பாட்டுக்கும் 12 போதும் என்று, இரண்டில் ஒரு பேட்டரியின் தலையிலிருந்து மட்டும் தனி வயர் இழுத்திருந்தார்கள். பாதி லாரிகளில் இந்த வேலை நடக்கிறது. அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் இளைக்கிறது. இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏறுவதோ இரண்டுக்கும் சேர்த்து. இளைத்தது நிறையும் முன்பே இன்னொன்று நிறைந்து கொதிக்கிறது. ஒன்று பட்டினியால் போகிறது, மற்றொன்று தண்ணீர் வற்றிப் போகிறது. திறந்து பார்த்தால் ஒன்றில் தகடு வெளுத்திருந்தது, மற்றதில் தகடு ஆசிட்டுக்கு மேலே தலை காட்டியது.

இதற்கு வைத்தியம் பெரிதல்ல. 24-ஐ 12 ஆக்கிக் கொடுக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கி மாட்டினால் சுமை இரண்டின் மேலும் சமமாக விழும். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே, ஒரே கம்பெனி, ஒரே அளவாக மாற்ற வேண்டும். பழையதோடு புதியதைச் சேர்த்தால் பழையது புதியதையும் தன் வயதுக்கு இழுத்துவிடும். இரவு நிறுத்தும்போது கட்-ஆஃப் சுவிட்சைத் திருப்பிவிட வேண்டும்.

அவர் கேட்டார், கேட்டபடி செய்தார். ஆனால் முதலில் ஒன்று சொன்னார், அதை மறக்க முடியவில்லை: "ஒரு விசிறிதானே ஐயா, அது என்ன இழுத்துடப் போவுது?" ஒரு விசிறிதான். ராத்திரி முழுக்க, ஒரே தோளின் மேல், தினமும். வீடுகளிலும் இப்படி ஒரு பிள்ளையின் தலையில் மட்டும் வயர் இழுத்திருப்பார்கள். கேட்டதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் செய்கிறவனிடமே எல்லாரும் கேட்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளை நீங்களானால் வாய் திறந்து சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். அப்படி ஒருவன் உங்கள் வீட்டில் இருந்தால், அவன் சொல்லும் வரை காத்திருக்காதீர்கள்.

2012-ல் தமிழ்நாடு இருண்டு கிடந்ததை உங்களில் சிறியவர்களுக்கு நினைவிருக்காது. சென்னை நகரத்துக்கு இரண்டு மணி நேர வெட்டு. நகர எல்லைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல். அப்போதுதான் வீட்டுக்கு வீடு இன்வர்ட்டர் வந்தது. கடன் வாங்கியும் வாங்கினார்கள். இரண்டு வருடத்தில் அந்த பேட்டரிகள் மளமளவென்று விழுந்தன. எல்லாரும் கம்பெனியைத் திட்டினார்கள். கரண்ட் ஒரு மணி வரும், ஒரு மணி போகும். இப்படி விட்டு விட்டு வந்தால் பேட்டரி முழுதாக நிறைய வழி இல்லை, அதற்கு ஒரே மூச்சில் பத்து மணி நேரம் வேண்டும். முக்கால் ஏறும், பாதி இறங்கும், மறுபடி முக்கால். நிறையாத அந்தக் கால் பங்கில்தான் சல்பேட் கெட்டியானது.

அதைவிடத் தெளிவான பாடம் 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் கிடைத்தது. கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் தெருவில் இரண்டு வீடு. ஒன்றில் புத்தம் புதிய பெரிய பேட்டரி. டி.வி., இரண்டு விசிறி, எல்லா அறையிலும் விளக்கு என்று முதல் ராத்திரியே தீர்த்தார்கள். அது கூவிக் கூவி அடங்கியது. மற்றொன்று ஓய்வு பெற்ற டீச்சரம்மா வீடு. அவர்களுடைய பேட்டரி ஆறு வருடப் பழசு. அவர்கள் ஒரு விளக்கு, தேவைப்பட்டால் ஒரு விசிறி, மற்ற நேரத்தில் இன்வர்ட்டரின் பட்டனையே அணைத்துவிட்டார்கள். ஒன்றும் ஓடாவிட்டாலும் இன்வர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் குடித்துக்கொண்டுதான் இருக்கும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாம் நாளும் அங்கே விளக்கு எரிந்தது, தெருப் பிள்ளைகளின் போன் எல்லாம் அங்கேதான் சார்ஜ் ஆனது.

கரண்ட் திரும்பியபோது வேறுபாடு அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. பழைய பேட்டரி எப்போதும்போல நிறைந்தது. புதியது காலியாகவே பல நாள் கிடந்ததால் பழைய பலத்துக்கு வரவே இல்லை. ஒரே இரவில் செலவழித்தது அதைக் கொல்லவில்லை. மறுநாளே ஒரு வாடகை ஜெனரேட்டரில் நாலைந்து மணி நேரம் ஏற்றியிருந்தால் பிழைத்திருக்கும். தெருமுனையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கேட்கத் தோன்றவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்து ஊர் வெள்ளத்தில் நின்றபோது அதே வீட்டுக்காரர் பேட்டரியைத் தரையிலிருந்து மேடைக்குத் தூக்கிவைத்து, பாதியிலேயே இன்வர்ட்டரை நிறுத்தினார்.

உங்களுக்கும் சில காலம் வரும், எல்லாம் தீர்ந்துபோனதுபோல. பரீட்சையோ, வேலையோ, வீட்டில் ஒரு நோயோ, ஒரு சாவோ. தீர்ந்துபோவது அவமானமில்லை. உழைத்தவனுக்குத்தான் தீரும். தீர்ந்த பிறகு "பரவாயில்லை, இருக்கட்டும்" என்று அப்படியே கிடப்பதற்குத்தான் நான் பயப்படுகிறேன். ஒரு நாளில் நீங்கும் களைப்பு ஒரு வருடத்தில் சுபாவமாகவே கெட்டிப்பட்டுப்போகும். கேட்டால் கொடுக்க ஆள் இருக்கும்போது கேளுங்கள். தாங்குவது என்றால் வாயை மூடிக்கொண்டு கிடப்பது என்று யாரோ உங்களுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் மீஞ்சூர்க்காரன் பேட்டரி பற்றிப் பேச முடியாது. சார்ஜின் கடைசிக் கட்டத்தில் பேட்டரியில் உள்ள தண்ணீர் வாயுவாகப் பிரிந்து போகும், ஆசிட் போகாது. ஆகவே குறையும்போது தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், ஆசிட் ஊற்றவே கூடாது. அந்தத் தண்ணீரும் டிஸ்டில்டு வாட்டராக இருக்க வேண்டும். நம் ஊர் போர் தண்ணீரின் கதை உங்களுக்குத் தெரியும். ஆலைகளுக்கும் நகரத்துக்கும் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, கடல் உள்ளே வந்தது. 1960-களின் கடைசியிலேயே அது பதிவாகியிருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்க 2010-ல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் ஆலையே வந்துவிட்டது. நம் உப்பு போர் தண்ணீரை பேட்டரியில் ஊற்றினால் அதில் உள்ள குளோரைடு தகட்டை அரிக்கும். கேன் தண்ணீரும் ஆகாது. குடிக்க நல்லது என்பது வேறு, அதில் உப்பு இல்லை என்பது வேறு. டிஸ்டில்டு வாட்டர் கேன் விலைக்குக் கணக்குப் பார்த்து பதினைந்தாயிரம் ரூபாய் பேட்டரியைக் கொல்லும் சிக்கனக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஊற்றும் நேரமும் முக்கியம். தகடு வெளியே தெரிந்தால் அது முங்கும் அளவு மட்டும் முதலில் ஊற்றுங்கள், பிறகு சார்ஜ் முழுதாக ஏறிய பின் பேட்டரி மூடியில் மட்டம் காட்டும் மிதவையின் குறி வரை நிறையுங்கள். சார்ஜ் ஏறும்போது ஆசிட் விரியும், முன்னாலேயே விளிம்பு வரை ஊற்றினால் வழிந்து டெர்மினலைத் தின்னும். எண்ணூர்க் காற்றில் உப்பும் சாம்பலும் சேர்ந்தே வருகின்றன. பேட்டரியின் தலையில் படியும் அந்தத் தூசி, ஈரம் பட்டால் கரண்டைக் கசியவிடும். மாதம் ஒருமுறை துடையுங்கள். பச்சையும் வெள்ளையும் பூத்த டெர்மினலைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, உலர்த்தி, இறுக்கி, மேலே வாஸலின் தடவுங்கள். சோடாத் தண்ணீர் மூடிக்குள் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏறும் இடத்தில் ஜன்னல் திறந்திருக்கட்டும். வெளிவருவது ஹைட்ரஜன், காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே வெடிக்கும். பீடி பற்றவைக்கிற மாமாவை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

வெயில் இன்னொரு எமன். நம் நாட்டில் பேட்டரியின் கணக்கெல்லாம் 27 டிகிரிக்குப் போட்டது. அதற்கு மேல் நிரந்தரமாகப் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதி என்பது துறையில் எல்லாரும் ஒத்துக்கொண்ட கணக்கு. ஷீட் கூரைக்கு அடியில், மேற்கு வெயில் அடிக்கும் சுவரோரம் வைத்துவிட்டு வாரண்டி கார்டைத் தேடிப் பயனில்லை.

எங்கள் தெருவில் ஒரு பையன், ஐ.டி.ஐ. முடித்தவன், பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி கேரவனாக மாற்றிக்கொண்டிருக்கிறான். எங்கள் காலத்தில் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர் உட்காரும் வண்டி. 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலா என்று ஒரு திட்டமே கொண்டுவந்த பிறகு, இளைஞர்களுக்கு அதில் ஆசை பிறந்திருக்கிறது. படுக்கை, சின்ன ஃபிரிட்ஜ், விசிறி, லைட்டு என்று வரைந்து கொண்டுவந்து காட்டினான். "தாத்தா, எல்லாத்தையும் வண்டி பேட்டரியிலயே குடுத்துடலாமா?"

கூடாது என்றேன். இன்ஜினைக் கிளப்பும் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். சில நொடிகள் பெரிய கரண்டைக் கொடுத்துவிட்டு உடனே நிறைந்துகொள்ளவே அதைச் செய்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்க மெதுவாக இறங்குவது அதற்கு ஒத்துவராது. வீட்டுச் செலவுக்குத் தடித்த தகடு கொண்ட டியூபுலர் பேட்டரி தனியாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரிலே வைத்தால், இன்ஜின் ஓடும்போது இரண்டும் நிறையும், நின்றதும் பிரிந்துவிடும். வீடு தீர்ந்தாலும் வண்டி கிளம்பும். வீட்டுப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காதே என்றேன். ஒரு வோல்ட்மீட்டர் மாட்டினால் போதும்: வண்டி சில மணி நேரம் ஓய்ந்த பின், நிறைந்த பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியைப் பொறுத்து 12.5 முதல் 12.7 வரை காட்டும். 12.2 என்றால் பாதியை நெருங்கியாயிற்று, 12-க்குக் கீழே போனால் கடன் வாங்கித் தின்கிறாய் என்று அர்த்தம். கூரையில் சோலார் தகடு வைத்தால் அது நேராகப் பேட்டரிக்குப் போகக் கூடாது, நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும்.

இந்த மாதிரி வண்டிகளுக்கு வருடத்தில் பாதி நாள் நின்றே கிடப்பதுதான் பெரிய சோதனை. ஓடும்போது கெடுவதைவிட நிற்கும்போதுதான் அதிகம் கெடும். நிறுத்துமுன் முழுதாக நிறைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். ஒன்றும் எடுக்காவிட்டாலும் பேட்டரி தனக்குள்ளேயே மெல்ல இறங்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். ஆகவே மாதம் ஒருமுறை சார்ஜில் போட வேண்டும். இறைக்கிற கிணறு ஊறும் என்பது இதற்கும் சரி.

அவன் கெட்டிக்காரன். "அப்போ லித்தியம் போட்டா, தாத்தா?" என்றான். நல்ல கேள்வி. லித்தியம் அயான் பேட்டரியை உருவாக்கியதற்காக 2019-ல் குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். எடை குறைவு, தண்ணீர் ஊற்ற வேண்டாம், பல மடங்கு அதிக முறை ஏற்றி இறக்கலாம். விலை அதிகம், சார்ஜரும் அதற்கென்றே வேண்டும். ஆனால் அதன் குணம் ஈயத்துக்கு நேர் எதிர். ஈயம் எப்போதும் நிறைந்திருக்க விரும்பும். லித்தியத்தை நிறைத்தபடியே வெயிலில் மாதக்கணக்கில் வைத்தால் அதற்கு வயதாகும். நீண்ட நாள் நிறுத்தும்போது பாதியில் வைப்பதே அதற்கு நல்லது.

என் ஆயுள் முழுவதும் "நிறைத்து வை, நிறைத்து வை" என்று சொல்லி வந்தவனுக்கு இது கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் உண்மை. பெரியவர்கள் சொல்வதைக் கேளுங்கள், கூடவே அவர்கள் எந்தப் பேட்டரியோடு வாழ்ந்தவர்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தலைமுறைக்குக் கையிருப்பு நிறைந்திருந்தால்தான் தூக்கம் வந்தது. நீங்கள் பாதிக் கையிருப்போடு ஊர் ஊராகப் போய் வாழக் கற்றவர்கள். உங்களை நாங்களும் எங்களை நீங்களும் ஒரே சார்ஜரில் மாட்டப் பார்ப்பதால்தான் வீட்டில் இத்தனை சூடு. அதுவானாலும் இதுவானாலும், அடியோடு காலியாக்கிப் போட்டுவைக்கக் கூடாது என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

கடைசியாக, எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் ஒருநாள் அது முடியும். நன்றாகப் பராமரித்த டியூபுலர் ஐந்தாறு வருடம் போகும், அதற்கு மேல் போனால் உங்கள் கைராசி. முடிந்த பேட்டரியை என்ன செய்கிறீர்கள் என்பதில் பக்கத்து வீட்டுக் குழந்தையின் உடம்பு இருக்கிறது. அதில் பெரும்பங்கு ஈயம். ஈயம் இவ்வளவு வரை உடம்பில் இருக்கலாம் என்று பாதுகாப்பான அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளையை அது முதலில் தொடும். எடைக்குப் போடும் முன் ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டுவதும், கொல்லையில் அடுப்பு வைத்து ஈயம் உருக்குபவனுக்கு நாலு காசு கூடக் கிடைக்கிறது என்று கொடுப்பதும் வேண்டாம். பழைய பேட்டரியைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று 2001-லேயே விதி வந்தது. 2022-ல் வந்த புதிய விதிகள் அந்தப் பொறுப்பை உற்பத்தியாளர் தலையிலேயே வைத்தன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதை ஆசிட்டோடு, நிமிர்த்தியபடி கொண்டுபோய்க் கொடுங்கள். விலையில் கழித்துக்கொள்வார்கள். எவ்வளவு கழித்தார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். வாரண்டி கார்டில் தேதி போட்டு முத்திரை குத்தச் சொல்லுங்கள், அதில்தான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள்.